துறைமுகமும் துவிச்சக்கர வண்டியும்
திருகோணமலைத் தொழிலாளர் போக்குவரத்து: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கடலில் நின்று எழுதப்பட்ட வரலாறாகவே அமைந்துள்ளது. 1622 இல் கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயரும், அவர்களை வென்ற ஒல்லாந்தரும், இடையிடையே வந்துபோன பிரெஞ்சுக்காரரும், 1795 இல் நகரைக் கைப்பற்றிய பிரித்தானியரும் கப்பலேறி வந்தவர்களே. ஆகவே கோட்டைகளும் கடற்படைத் தளபதிகளும் இந்நகரின் வரலாற்று நூல்களை நிறைத்திருப்பதில் வியப்பில்லை. ஆயின், அத்துறைமுகத்தை இயங்கச் செய்தோர் நாள்தோறும் காலையில் தரை வழியாக வந்தவர்கள். பட்டறையில் இரும்பு அடித்தோரும், எண்ணெய்க் குதங்களிற் பணிபுரிந்தோரும், பண்டசாலையிற் கணக்கெழுதியோரும் தத்தம் வீடுகளிலிருந்து வேலைத்தலத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்ற வினா இதுவரை போதிய கவனத்தைப் பெறவில்லை.

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது துவிச்சக்கர வண்டியையே. தமிழகத்தார் மிதிவண்டி என்றும், தனித்தமிழ் விரும்புவோர் ஈருருளி என்றும், ஈழத்து அலுவலகங்கள் துவிச்சக்கர வண்டி என்றும், ஊரார் அனைவரும் சைக்கிள் என்றும் வழங்கும் இவ்வூர்தி, ஏழையின் வாகனம் என்ற பெயரைப் பெற்றுவிட்டது. இப்பெயர் வரலாற்றின் பிற்பகுதிக்கே பொருந்தும் என்பதையும், துறைமுகத் தொழிலாளி இவ்வண்டியில் ஏறத் தொடங்கியமை அவனது நாளின் அளவையே மாற்றியது என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவு பிறந்த கதை

பழைய திருகோணமலை நடந்து கடக்கத்தக்க நகரம். ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்க, இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்திலேயே கோட்டையும் கடைத்தெருவும் குடியிருப்புக்களும் அமைந்திருந்தன. மீனவனுக்குக் கடல் முற்றத்திலேயே இருந்தது. வணிகனுக்குக் கடையே வீடாகவும் இருந்தது. நகரின் தெற்கிலமைந்த கடற்படைப் பட்டறைக்குச் செல்வோரும் கால்நடையாகவே சென்று மீளக்கூடியவராயிருந்தனர். வேலைக்குப் போதல் என்பது தனியொரு பயணமாக உணரப்படவில்லை.

இந்நிலையை மாற்றியது இருபதாம் நூற்றாண்டின் கப்பல். நிலக்கரியால் இயங்கிய போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது, எண்ணெயைத் தேக்கிவைக்கப் பரந்த நிலம் வேண்டியதாயிற்று. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், நகருக்கு எதிரே உட்துறைமுகத்தின் மேற்குக் கரையில், சீனக்குடாவை அடுத்த காட்டு நிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. அதே பகுதியில் விமானத் தளமும் அமைந்தது. கல்லோயாச் சந்தியிலிருந்து வந்த புகையிரதப் பாதை 1927 இல் நகரை எட்டியது. இவ்வாறு வேலைத்தலம் உட்துறைமுகத்தைச் சுற்றி மேற்கே பெயர்ந்தது. குடியிருப்போ பெரும்பாலும் கிழக்கேயே நின்றது. கண்ணுக்கு எதிரே தெரியும் அக்கரைக்குத் தரைவழியாகச் செல்ல உட்துறைமுக வீதியைப் பற்றி, பாலையூற்றையும் மட்கோவையும் கடந்து வளைந்து செல்லல் வேண்டும். நகரின் நடுவிலிருந்து கணக்கிட்டால் இது ஐந்தாறு மைல் வரும். இப்பகுதி ஊர்கள் இன்றும் மைற்கல்லை வைத்து நான்காம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று பெயர் பெற்றிருப்பது தொலைவு இம்மக்களின் வாழ்வில் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஆறு மைலை நடந்து கடக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் செல்லும். போகவும் வரவும் நான்கு மணித்தியாலம். மாட்டு வண்டி நடையினும் விரைவானதன்று. புகையிரதம் தனக்கு வசதியான வேளையில் வருமேயன்றித் தொழிலாளியின் வேலைமுறைக்காகக் காத்து நில்லாது. இந்த இடைவெளியிலேதான் துவிச்சக்கர வண்டி புகுந்தது.

வண்டி வந்த வழி

1817 இல் ஜேர்மனியரான கார்ல் வொன் டிறைஸ் இரு சில்லுகள் கொண்ட மரப்பொறி ஒன்றை அமைத்தார். அதற்கு மிதி இல்லை; இருந்தவாறே நிலத்தைக் காலால் உந்திச் செல்லல் வேண்டும். பின்னர் முன்சில்லு மிகப் பெரிதாகவும் பின்சில்லு மிகச் சிறிதாகவும் அமைந்த உயர்ந்த வண்டி தோன்றியது. விழுந்தால் எலும்பு முறிவது திண்ணம் என்பதால் அது துணிவுடைய இளைஞரின் விளையாட்டாகவே நின்றுவிட்டது. 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி உருவாக்கிய வண்டியே இன்றைய வண்டியின் முன்னோடி. ஏறக்குறையச் சமமான இரு சில்லுகளும், பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியும் அதன் சிறப்பு. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் விலங்கு மருத்துவராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயரை அறிமுகப்படுத்தியதும் வண்டி பொதுமக்களின் ஊர்தியாயிற்று.

அந்த ரயர் இலங்கைக்குப் புறம்பான பொருளன்று என்பது கருதத்தக்கது. 1876 இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்கே அனுப்பப்பட்டு கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. இந்நாட்டு இறப்பர் மூலப்பொருளாகக் கப்பலேறிப் பிரித்தானிய ஆலையைச் சேர்ந்தது. முடிந்த பொருளாகிய ரயர் மீண்டும் கப்பலேறி இந்நாட்டுக் கடைக்கு வந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் இயல்பை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இவ்வாறு வந்த வண்டிகளுள் றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., ஹேர்குலிஸ் என்னும் பெயர்கள் ஊரார் நாவில் நிலைத்தன. கறுப்பு நிறம், இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பியால் இழுக்கும் பிரேக், பின்னே உறுதியான கரியர் என்பன இவற்றின் பொது இலக்கணம். இந்தியா சுதந்திரம் பெற்றபின் அங்கும் பெரிய ஆலைகள் எழுந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949 இல் முருகப்பா குழுமமும் ஆங்கிலேய நிறுவனமொன்றும் இணைந்து தொடங்கிய ரி.ஐ. சைக்கிள்ஸ் அவற்றுள் ஒன்று.

தொடங்குவோன் எதிர்கொண்ட தடைகள்

வண்டியில் வேலைக்குச் செல்லத் தொடங்குவது அக்காலத்தில் எளிய முடிவன்று. நான்கு தடைகளைத் தொழிலாளி தாண்ட வேண்டியிருந்தது.

முதலாவது தடை விலை. நாட்கூலி பெறுவோன் ஒரே தடவையிற் பெருந்தொகை கொடுத்து இறக்குமதிப் பொருளொன்றை வாங்க இயலாது. ஆகவே, இவ்வண்டியை முதலில் வாங்க முடிந்தவர் மாதச் சம்பளம் பெற்ற எழுதுவினைஞர், ஆசிரியர், மேற்பார்வையாளர், தேர்ந்த பட்டறைத் தொழிலாளர் ஆகியோரே. நிலையான சம்பளம் இருந்தாற்றான் தவணைக்கும் கடனுக்கும் வழியுண்டு. அரச ஊழியர் துவிச்சக்கர வண்டி வாங்கக் கடன்பெறும் ஏற்பாடு தாபன விதிக்கோவையிலேயே இடம்பெற்றமை இதனை உறுதி செய்கின்றது. ஏழையின் வாகனம் என்று பின்னாளில் அழைக்கப்பட்டது தொடக்கத்திற் சம்பளக்காரனின் அடையாளமாகவே விளங்கியது.

இரண்டாவது தடை பயிற்சி. பெரியோருக்கென அமைந்த உயரமான வண்டியிலேயே சிறுவரும் பழகினர். இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவன் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து, அரைச் சுற்று மிதித்துப் பழகுவான். முழங்காலில் தழும்பின்றிப் பழகியவர் சிலரே. சிறுவயதில் வாய்ப்புப் பெறாதோர் முப்பது வயதில் வெளியிற் பழகுவதை வெட்கமெனக் கருதினர். இன்றும் புதிதாகத் தொடங்குவோர் பலரைத் தடுப்பது உடலின் இயலாமையன்று, இந்த வெட்கமே எனலாம்.

மூன்றாவது தடை சட்டம். உள்ளூராட்சி மன்றங்கள் வண்டிக்கு ஆண்டு வரி அறவிட்டு அனுமதித் தகடு வழங்கின. இரவில் விளக்கின்றிச் செல்வதும் ஒரே வண்டியில் இருவர் செல்வதும் குற்றங்களாயின. விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோனுக்கும் இரவில் மீள்வோனுக்கும் விளக்கு இன்றியமையாதது. தொடக்கத்தில் எண்ணெய் விளக்கும், பின்னர் ரயரில் உரசிச் சுழலும் டைனமோவும் அத்தேவையை நிறைவேற்றின.

நான்காவதும் பெரியதுமான தடை இயற்கை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. நகரிலிருந்து சீனக்குடாவுக்குச் செல்வோனை அது காலையில் முகத்திலடித்துத் தடுக்கும். மாலையில் முதுகைத் தள்ளி வீடு சேர்க்கும். கார்த்திகை, மார்கழியிலே வாடைக்காலத்து மழை வீதியை மறைத்துவிடும். ஆண்டு முழுவதும் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். சங்கிலிக்கு எண்ணெய் விடாதும், சில்லுக் கம்பிகளை எண்ணெய்ச் சீலையால் துடைக்காதும் விட்டவன் சில மாதங்களிலேயே துருவை ஓட்ட நேரிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டியைக் கவிழ்த்து வைத்துத் துடைப்பது துறைமுகத் தொழிலாளியின் வீட்டில் ஒரு வாராந்தக் கடமையாயிற்று.

இத்தடைகளைத் தாண்டியவன் பெற்ற பயன் யாது? மணிக்கு ஒன்பது மைல் வீதம் மிதித்தால் ஆறு மைலுக்கு நாற்பது நிமிடம். இருவழிக்கும் எண்பது நிமிடம். நடையோடு ஒப்பிடின் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் மிச்சம். ஆறு நாள் வேலைவாரத்துக்கு இது பதினாறு மணித்தியாலமாகும். எட்டு மணித்தியால வேலை நாளைக் கொண்டு அளந்தால், வாரத்துக்கு இரண்டு முழு நாட்களைத் துவிச்சக்கர வண்டி தொழிலாளியின் கையில் மீளக் கொடுத்தது. எட்டு மணித்தியால வேலைக்காகத் தொழிலாளர் உலகெங்கும் போராடிய ஒரு காலத்தில், வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் எவர் கணக்கிலும் சேராது கரைந்த நேரத்தை ஓர் இரும்புப் பொறி மீட்டுத் தந்தது. அந்நேரத்திலேயே அவன் தோட்டம் செய்தான், பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தான், கூட்டங்களுக்குச் சென்றான், அல்லது வெறுமனே உறங்கினான்.

போரும் வண்டியும்

1941 மார்கழியில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையின் வெற்றிக்குத் துவிச்சக்கர வண்டியும் துணைநின்றது. தோட்டங்களையும் கிராமங்களையும் இணைத்த நல்ல வீதிகளில் யப்பானிய வீரர் வண்டிகளிலே விரைந்து முன்னேறினர். பழுதானவற்றுக்கு மாற்றுப் பாகங்கள் வழிநெடுகக் கிடைத்தன. ரயர் தேய்ந்தபின் வெறும் சில்லு வளையத்திலேயே ஓட்டினர் என்றும், அவ்வொலியைக் கவச வண்டிகளின் இரைச்சலென எதிரிகள் மயங்கினர் என்றும் கூறப்படுவதுண்டு. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு திருகோணமலையின் முக்கியத்துவம் பன்மடங்கு உயர்ந்தது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று விமானம் மோதி அழிந்தது. துறைமுகத்தை விட்டு முன்னரே வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அச்சத்தால் பெருந்தொகையானோர் நகரை விட்டு நீங்கினர். ஆயினும் போர் நீடிக்க, தளத்தின் வேலைகளும் பெருகின. தீவின் பிற பகுதிகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பரே பெருந்துணையாயிற்று. மலாயாவில் வெற்றியாளரைச் சுமந்த அதே பொறி, திருகோணமலையில் அவர்களை எதிர்க்கும் தளத்துக்குத் தொழிலாளரைச் சுமந்தது.

தளம் நீங்கிய பின்

1957 ஒக்ரோபர் மாதத்திலே கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தேசிய வரலாற்றில் இது பெருமைக்குரிய நாள். அதே வேளை, தளத்தை நம்பியிருந்த பலர் வேலையிழந்த காலமும் அதுவே. மாதச் சம்பளத்தின் பயனாக வந்த வண்டி, சம்பளம் நின்றபின் வேறு பணிகளை ஏற்றது. மீன் பெட்டி, விறகு, பாண் பெட்டி, தேங்காய் என்பவற்றைக் கரியரிற் கட்டி ஊர்தோறும் சென்று விற்போரின் முதலீடாயிற்று. துவிச்சக்கர வண்டி சம்பளக்காரனின் அடையாளம் என்ற நிலையிலிருந்து இறங்கி அனைவர்க்கும் பொதுவாகியது இக்காலத்திலேயே எனக் கொள்வது பொருந்தும்.

1960களிலும், குறிப்பாக 1970 முதல் 1977 வரையும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் புதிய வண்டியை அரும்பொருளாக்கின. பழைய வண்டியைப் பேணுவதே வழியாயிற்று. சந்திதோறும் இருந்த திருத்தகங்கள் இதனாற் சிறந்தன. ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் காண்பதும், அரத்தாற் சுரண்டி ஒட்டுப் போடுவதும், நெளிந்த சில்லைக் கம்பி முறுக்கி நேராக்குவதும் எவ்விதப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத தொழில்நுட்பங்கள். 1977 இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட, புதிய வண்டிகள் வந்தன. 1980 இல் சீனக்குடாவில் பிறிமா மா ஆலையும், அதனைத் தொடர்ந்து சீமெந்து ஆலையும் இயங்கத் தொடங்க, துறைமுகத்தின் மேற்குக்கரை மீண்டும் தொழிலாளரை அழைத்தது.

பெண்களின் நிலையும் இங்கு நோக்கற்பாலது. குறுக்குப் பார் இல்லாத பெண்கள் வண்டி மாணவியருக்கும் ஆசிரியைகளுக்கும் அலுவலகப் பெண்களுக்கும் பயன்பட்டது. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்திலே, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு வண்டியோட்டவும் பெண்களுக்குப் பயிற்சியளித்தது. எழுத்தும் வண்டியும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளாக அங்கே கருதப்பட்டன. பிறர் துணையை எதிர்பாராது ஓரிடத்துக்குச் சென்று மீளும் ஆற்றல் கல்வியின் பயன்களுள் ஒன்றன்றோ!

இறங்கி உருட்டிய காலம்

1983 இன் பின்னர் வீதியின் பொருளே மாறிற்று. காவலரண்களும் சோதனைச் சாவடிகளும் தோன்றின. சாவடியை அணுகுமுன் வண்டியிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையிலேந்தி உருட்டிச் செல்வது வழக்கமாயிற்று. வெடிபொருள் மறைக்கப்படும் என்ற அச்சத்தால் நிறுத்திவைக்கப்பட்ட வண்டியும் ஐயத்துக்குரியதாயிற்று. நாற்பது நிமிடப் பயணம் எத்தனை மணித்தியாலமாகும் என்று எவராலும் முன்கூட்டியே சொல்ல இயலவில்லை. வண்டி மீட்டுக் கொடுத்த நேரத்தைச் சாவடி மீண்டும் பறித்துக்கொண்டது.

இதே காலத்தில் வடக்கே, 1990 முதல் எரிபொருட் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டியே முதன்மை ஊர்தியாயிற்று. மின்சாரமற்ற இரவுகளில் வண்டியை மிதித்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இடம்பெயர்ந்தோருக்கு வண்டியே வீடு. கரியரில் அரிசி மூட்டையும், பாரிற் குழந்தையும், கைபிடியிற் பாத்திரமுமாக அவர்கள் நடந்தனர். வண்டி ஏறிச் செல்லும் ஊர்தியாக இல்லாது, சுமை தாங்கும் துணையாக அமைந்த காலம் அது.

எண்ணெய்க் குதங்களின் நிழலில்

2009 இல் போர் முடிவுற்றது. அதே ஆண்டு ஒக்ரோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை வண்டியையும் தூக்கிப் பாதையிலேற்றி நீரைக் கடக்கக் காத்துநின்ற கிண்ணியா மக்கள், இறங்காமலே சீனக்குடாப் பக்கம் வரும் நிலை பிறந்தது. ஆனால் துவிச்சக்கர வண்டிக்கு வழி திறந்த வேளையிலேயே அதன் மதிப்பும் குன்றியது. தவணைமுறையில் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் எளிதாகக் கிடைத்தன. வீதிகள் அகன்றன, வேகம் கூடியது, ஓரத்திற் செல்லும் வண்டிக்கு இடமோ மரியாதையோ எஞ்சவில்லை.

2022 இல் வரலாறு திரும்பிப் பார்த்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு எரிபொருளின்றித் தவித்தது. யூன் மாத இறுதியில், யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. கைவிடப்பட்ட வண்டிகள் வீட்டுக் கோடிகளிலிருந்து வெளியே வந்தன. திருத்தகங்களில் மீண்டும் வரிசை நின்றது. புதிய வண்டியின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. அந்த ஆண்டு சனவரியிலேதான் சீனக்குடாவின் எஞ்சிய 99 குதங்கள் பற்றிய புதிய உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளவல்ல அக்குதங்களிற் பெரும்பாலானவை பயன்பாடின்றிக் காடு சூழ்ந்து நின்றன. அவற்றைக் கடந்து செல்லும் வீதியில், ஒரு போத்தல் பெற்றோலும் கிடையாத மக்கள் மீண்டும் மிதித்து வேலைக்குச் சென்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. திருகோணமலையில் துவிச்சக்கர வண்டி 1942 இலும், 1970களிலும், போர்க்காலத்திலும், 2022 இலும் நெருக்கடியின் துணையாகப் போற்றப்பட்டது. நெருக்கடி நீங்கியதும் மறக்கப்பட்டது. வண்டியின் அமைப்பில் 1885 இன் பின் அடிப்படை மாற்றம் எதுவும் நிகழவில்லை. மாறியவை வீதியும், சமூகம் அதற்களித்த மதிப்புமே.

ஆகவே, இன்று வண்டியில் வேலைக்குச் செல்லத் தொடங்கும் ஒருவரின் தடைகளை அவரது சோம்பலில் மட்டும் தேடுவது நீதியாகாது. பாதுகாப்பான வீதியோரமும், மழைக்கு ஒதுங்கவும் வெயிலில் இளைப்பாறவும் நிழலும், வேலைத்தலத்தில் வண்டியை நிறுத்த ஓரிடமும் அமைத்தல் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அரிதன்று. அன்றைய தொழிலாளிக்கு வாரத்தில் இரண்டு நாட்களை மீட்டுத் தந்த ஊர்தி, அடுத்த தட்டுப்பாடு வரும்வரை கோடியிற் கிடக்க வேண்டியதில்லை. தேவை நெருக்கும்போது மட்டும் ஏறுவதை விடுத்து, விரும்பி ஏறும் நிலை உருவாகுமாயின், கடலில் நின்று எழுதப்பட்ட இந்நகரின் வரலாற்றில் வீதியில் மிதித்தவர்களுக்கும் உரிய பக்கம் கிடைக்கும்.